புதுக்கோட்டை மாவட்டம்: சில வியப்பான செய்திகள்

திருச்சிராப்பள்ளிக்கும் காரைக்குடிக்கும் இடையில் பயணம் செய்பவர்கள் புதுக்கோட்டையைப் பெரும்பாலும் வழியில் வரும் ஊராகவே கடந்து செல்வர். செம்மண் நிலம், மொட்டைப் பாறைக் குன்றுகள், மழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கண்மாய்கள் ஆகியவையே கண்ணில் படும். ஆனால் இம்மாவட்டத்தின் வரலாற்றிலும் இயற்கையிலும் வேறெங்கும் எளிதில் காண முடியாத செய்திகள் பல உள்ளன. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் எடுத்த முடிவும், அதற்காகக் கொடுத்த விலையும் இருக்கின்றன. அவற்றுள் சிலவற்றை இங்கே காண்போம்.

சொந்தக் காசு வைத்திருந்த நாடு

ஆங்கிலேயர் காலத்தில் சென்னை மாகாணத்தோடு தொடர்புடையனவாக ஐந்து சமஸ்தானங்கள் இருந்தன. திருவிதாங்கூர், கொச்சி, பங்கனப்பள்ளி, சந்தூர் ஆகியவற்றுடன் புதுக்கோட்டையும் அவற்றுள் ஒன்று. இன்றைய தமிழ்நாட்டின் நிலப்பரப்புக்குள் தலைநகரைக் கொண்டு, விடுதலை வரை நீடித்த ஒரே சமஸ்தானம் இதுவே. தொண்டைமான் மரபினர் இதனை ஆண்டனர்.

இந்த நாட்டிற்கெனத் தனிச் செப்புக் காசு இருந்தது. அதன் பெயர் அம்மன் காசு. ஒரு பக்கத்தில் திருக்கோகர்ணம் பிரகதாம்பாளின் அமர்ந்த உருவமும், மறுபக்கத்தில் தெலுங்கு எழுத்தில் ‘விஜய’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டிருந்தன. இருபது அம்மன் காசுகள் சேர்ந்தால் ஓர் அணா. ஒரு ரூபாய்க்குப் பதினாறு அணா என்பதால், ஒரு ரூபாயை மாற்ற 320 காசுகள் தேவைப்பட்டன.

தொண்டைமான் மன்னர்கள் தங்களைப் ‘பிரகதாம்பாள் தாஸ்’, அதாவது அம்மனின் அடியார் என்று அழைத்துக்கொண்டனர். நவராத்திரி நாட்களில் மக்களுக்கு அரிசியுடன் அம்மன் காசும் வழங்கும் வழக்கம் இருந்தது. கையால் அச்சிடப்பட்டு வந்த இக்காசு, 1889 முதல் எந்திரத்தால் அச்சிடப்பட்டது. அதற்காக அது இங்கிலாந்திலுள்ள பர்மிங்காம் நகர அச்சகத்திலிருந்து கப்பலேறி வந்தது. திருக்கோகர்ணத்து அம்மனின் உருவம் ஆங்கிலேயத் தொழிலாளர்களின் கையில் வார்க்கப்பட்டு ஊர் திரும்பியது என்று சொல்லலாம்.

கல்லூரியில் சேர்ந்த ஒரே பெண்

புதுக்கோட்டையில் 1886ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் பிறந்தவர் முத்துலட்சுமி. தந்தை நாராயணசாமி ஐயர் கல்வித்துறையில் இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபைச் சேர்ந்தவர். பெண்கள் பூப்படைந்தவுடன் பள்ளியை விட்டு நிறுத்தப்பட்ட அக்காலத்தில், முத்துலட்சுமி வீட்டிலிருந்தே படித்து மெட்ரிகுலேஷன் தேர்வில் தேறினார். அடுத்ததாக அவ்வூரின் மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தார். அது ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரி.

எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வகுப்பில் இருந்தால் மாணவர்களின் ஒழுக்கம் கெடும் என்று சிலர் வாதிட்டனர். அன்றைய மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அவற்றைப் பொருட்படுத்தாமல் அனுமதி அளித்தார். உதவித்தொகையும் கொடுத்தார். வகுப்பறையில் மாணவர்களின் பார்வை படாதபடி அவருக்குத் திரையிட்டுத் தனி இடம் ஒதுக்கப்பட்டது.

அந்தத் திரைக்குப் பின்னால் அமர்ந்து படித்தவர் 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912இல் மருத்துவரானார். 1927இல் சென்னை சட்டமன்ற மேலவையில் உறுப்பினராகி, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறையை ஒழிப்பதற்கு அவர் தொடங்கிய போராட்டம் 1947இல் சட்டமாக நிறைவேறியது. 1954இல் அவர் நிறுவிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இன்றும் பல்லாயிரம் ஏழை நோயாளிகளின் நம்பிக்கையாக உள்ளது. அன்று அந்த ஒரு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தால் இவற்றுள் எத்தனை நடந்திருக்கும் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

காதலுக்காக அரியணையை இழந்த மன்னர்

முத்துலட்சுமிக்குக் கல்லூரிக் கதவைத் திறந்துவிட்ட அதே மன்னரின் வாழ்க்கை பின்னர் வேறு திசையில் சென்றது. பயணத்தில் பேரார்வம் கொண்ட மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் 1915இல் ஆஸ்திரேலியா சென்றார். அங்கே மெல்போர்ன் நகரைச் சேர்ந்த மோலி ஃபிங்க் என்ற இளம்பெண்ணைச் சந்தித்துக் காதல் கொண்டார். அவ்வாண்டு ஆகஸ்டு 10ஆம் நாள் மெல்போர்னில் அவர்களது பதிவுத் திருமணம் நடந்தது. அப்போது மன்னருக்கு வயது 39, மணமகளுக்கு 20.

எட்வர்டு மன்னர் ஓர் அமெரிக்கப் பெண்ணை மணப்பதற்காக 1936இல் இங்கிலாந்தின் மணிமுடியைத் துறந்த கதையை உலகம் அறியும். அதற்கு இருபத்தொரு ஆண்டுகளுக்கு முன்பே அதை ஒத்த நிகழ்வு புதுக்கோட்டையில் நடந்துவிட்டது.

மணமக்கள் புதுக்கோட்டைக்கு வந்தபோது ஆங்கிலேய அரசு மோலியை ராணியாக ஏற்க மறுத்தது. அரச குடும்பத்திலும் எதிர்ப்பு இருந்தது. அவருக்கு அரளி நஞ்சு கொடுக்கும் முயற்சி நடந்ததாகவும் கூறப்படுகிறது. சில மாதங்களிலேயே இருவரும் ஆஸ்திரேலியா திரும்பினர். 1916இல் சிட்னியில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி எனப் பெயரிட்டனர். அம்மகனுக்கு அரசுரிமை இல்லை என்பதில் ஆங்கிலேயர் உறுதியாக நின்றனர். மன்னர் இறுதியில் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகி, குடும்பத்துடன் பிரான்சின் கான் நகரில் குடியேறினார். அவருக்குப் பதிலாக அவருடைய சகோதரர் ஆட்சியைக் கவனித்து வந்தார்.

1928ஆம் ஆண்டு மே 28ஆம் நாள் மன்னர் பாரிஸ் நகரில் இறந்தார். உடலைப் புதுக்கோட்டைக்குக் கொண்டுவர அனுமதி கிடைக்காததால் இலண்டன் கோல்டர்ஸ் கிரீன் சுடுகாட்டில் தகனம் நடந்தது. அரச குடும்பத்தைச் சேர்ந்த ஆறு வயதுச் சிறுவரான இராஜகோபாலத் தொண்டைமான் அடுத்த மன்னராக்கப்பட்டார். அவரே கடைசி மன்னர். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. 1974ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் தனி மாவட்டமாக உருவெடுத்தது. மன்னர்களின் புதிய அரண்மனையில்தான் இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது.

திரைக்கு வந்த இருவர்

தமிழ்த் திரையுலகின் தொடக்கக் கால நட்சத்திரமான பி. யு. சின்னப்பா புதுக்கோட்டைக்காரர். 1940இல் வெளிவந்த ‘உத்தம புத்திரன்’ படத்தில் அவர் ஏற்றதே தமிழ்ப் படங்களின் முதல் இரட்டை வேடம். ஈட்டிய பணத்தையெல்லாம் சொந்த ஊரில் வீடுகளாக வாங்கிக் குவித்தார் என்றும், ஊரே அவர் கைக்குப் போய்விடும் என்று அஞ்சி இனி அவருக்கு யாரும் வீடு விற்கக்கூடாது என அரசே தடை விதித்தது என்றும் ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. 1951இல் தம் 35ஆம் வயதிலேயே அவர் காலமானார்.

மற்றொருவர் ஜெமினி கணேசன். 1920 நவம்பர் 17இல் புதுக்கோட்டையில் பிறந்தவர். மேலே கண்ட முத்துலட்சுமி ரெட்டி இவருக்கு அத்தை முறை. சென்னை கிறித்தவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்துவந்த இவர், 1947இல் ஜெமினி ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த நிறுவனத்தின் பெயரே பின்னாளில் அவருக்கு முன்பெயராக அமைந்துவிட்டது.

கஞ்சிராவும் உடும்பும்

பஜனைகளில் ஒலித்துவந்த சிறிய கஞ்சிராவைக் கருநாடக இசை மேடைக்கு உயர்த்தியவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. பலாமரச் சட்டத்தில் உடும்புத் தோல் கட்டிச் செய்யப்படுவது இந்த இசைக்கருவி. மெல்லிய அத்தோலில் சிறிது நீர் தடவினால் ஒலியின் சுருதி தாழும். உடும்பு இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ள உயிரினம். எனவே ஆட்டுத் தோலையும் செயற்கைப் பொருள்களையும் நாடவேண்டிய நிலை கலைஞர்களுக்கு வந்துள்ளது.

இம்மாவட்டத்திற்கும் இசைக்கும் உள்ள உறவு மிகப் பழையது. குடுமியான்மலைக் குடைவரைக்கு அருகே பாறையில் இசைச் சுரங்கள் வரிவரியாக வெட்டப்பட்டுள்ளன. கிரந்த எழுத்தில் அமைந்த இக்கல்வெட்டு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. காகிதம் இல்லாத காலத்தில் பாறையையே பாடப்புத்தகமாக்கிய செயல் இது.

ஆவியும் சுருட்டும்

ஆவுடையார்கோயில் ஆத்மநாதர் ஆலயத்தின் கருவறையில் ஆவுடை மட்டுமே உண்டு. அதன்மேல் இலிங்கம் இல்லை. உருவமற்ற இறைவனுக்குப் படையலும் உருவமற்றதே. சுடச்சுட வடித்த சோற்றிலிருந்து எழும் ஆவியே இங்கே நிவேதனம். இக்கோயிலின் கல் கொடுங்கைகளில் மரச்சட்டங்களும் ஆணிகளும் கயிறுகளும் அப்படியே கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. ‘ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக’ எந்த வேலையையும் செய்து தருகிறோம் என்று சிற்பிகள் ஒப்பந்தம் எழுதுவார்கள் என்பது செவிவழிச் செய்தி.

விராலிமலை முருகன் கோயிலில் சுருட்டு படைக்கப்படுகிறது. மழையிலும் வெள்ளத்திலும் சிக்கி வழி தெரியாமல் குளிரில் நடுங்கிய பக்தர் ஒருவருக்கு முருகனே துணையாக வந்து சுருட்டு பெற்றுக்கொண்டார் என்பது இதற்குக் கூறப்படும் காரணம். இந்த மலையைச் சுற்றி மயில்கள் அச்சமின்றித் திரிவதைக் காணலாம். முருகனின் ஊர்தி என்பதால் ஊரார் அவற்றைத் துன்புறுத்துவதில்லை.

கடலுக்குள் மேயும் பசு

புதுக்கோட்டைக்குக் கடற்கரை உண்டு என்பதே பலருக்கு வியப்பான செய்தி. மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் ஆகிய ஊர்கள் பாக் விரிகுடாவின் கரையில் உள்ளன. ஆழம் குறைந்த இக்கடலின் அடியில் கடற்புல் வயல்போல் விரிந்திருக்கிறது. அதை மேய்ந்து வாழும் பாலூட்டியே கடற்பசு. உறவுமுறையில் இது மீனைவிட யானைக்கே நெருக்கமானது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கும். எழுபது ஆண்டுகள் வரை வாழக்கூடியது. சினைக்காலம் ஓராண்டுக்கும் மேல், ஓர் ஈற்றுக்கு ஒரு கன்று. அடுத்த கன்றுக்கு மூன்று முதல் ஏழு ஆண்டுகள் ஆகும். ஆகவே வலையில் சிக்கி ஒன்று இறந்தாலும் அந்த இழப்பை ஈடுசெய்ய நீண்ட காலம் பிடிக்கும்.

இந்தியக் கடல்களில் இவை சுமார் 240 மட்டுமே எஞ்சியுள்ளதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2022 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடற்பரப்பைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. இந்தியாவில் இவ்விலங்கிற்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இதுவே.

ஆனால் அறிவிப்பு மட்டும் கடற்பசுவைக் காப்பாற்றாது. இக்கடல் பல்லாயிரம் மீனவக் குடும்பங்களின் வாழ்வாதாரமும் ஆகும். வலையில் சிக்கிய கடற்பசு மூச்சுமுட்டி இறப்பதற்குள் அதை விடுவிக்க, மீனவர் தம் வலையை அறுக்க வேண்டியிருக்கும். ஒரு வலை என்பது அவருக்குப் பல நாள் கூலி. அந்த இழப்பைத் தாங்கிக் கடற்பசுவைக் கடலுக்குள் அனுப்பும் மீனவர்களுக்கு அரசு வெகுமதி வழங்கிவருகிறது. கடற்புல் செழித்தால் மீன்குஞ்சுகளும் இறால்களும் அதில் பெருகும். எனவே கடற்பசு மேயும் கடல் மீனவருக்கும் நல்ல கடலாகவே இருக்கும்.