வேலி நகரும் முன்னே

மலையூரான திரிங்காப்பின் தம்பி தங்கைகளே, ஒரே கணினியில் விண்டோசும் லினக்ஸும் ஒன்றாகக் குடியிருக்க முடியுமா? “எப்படி?” என்று கேட்கத் துடிக்கிறீர்களா? சபாஷ்! அந்தத் துடிப்புதான் வேண்டும்.

முடியும். தமிழ்நாட்டு அரசு 2011இல் மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி தரத் தொடங்கியது. அதில் விண்டோசோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ், இந்தியாவின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது.

அந்த மடிக்கணினிகள் இரண்டோடும் வந்தவை. உங்கள் வீட்டுக் கணினியில் வட்டு முழுவதையும் விண்டோசே பிடித்திருந்தால்?

இப்படி நினைத்துப் பாருங்கள்: உங்கள் மலைச்சரிவில் ஒரு கோஸ் பாத்தி. செடிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நிற்கின்றன. மிச்ச இடத்தில் தக்காளி போடவேண்டும். வேலியைச் சட்டென்று நடுவே நகர்த்தினால், அந்தப் பக்கம் மாட்டிக்கொண்ட கோஸ் என்னாகும்? ஆகவே முதலில் செடிகளை ஒரு பக்கமாகப் பெயர்த்து நடவேண்டும். அப்புறம்தான் வேலி. அதற்கும் அப்புறம் தக்காளி.

வட்டிலும் இதே வரிசைதான். அங்கே விண்டோஸ் பிடித்திருக்கும் பாத்திக்குப் ‘பிரிவு’ என்று பெயர். கோப்புகள் முதலில் ஒரு பக்கம் ஒதுங்கும். பிறகு பிரிவின் எல்லை சுருங்கும். ‘இந்தப் பிரிவு இங்கே தொடங்கி இங்கே முடிகிறது’ என்று வட்டில் ஓர் அட்டவணை உண்டு. அதில் புதிய எல்லை எழுதப்படும். காலியான இடத்தில் லினக்ஸ் குடியேறும். உபுண்டு என்றால் 25 ஜிபியாவது ஒதுக்குங்கள்.

புரிகிறதா? அப்படியானால் ஒரு கேள்வி. பிரிவைப் பெரிதாக்கும்போது எது முதலில்? ஆமாம், எல்லைதான்! வரிசை தலைகீழாகிவிடும்.

சில சமயம் பாதி வட்டு காலியாக இருந்தும் விண்டோஸ் பிரிவு கொஞ்சம்தான் சுருங்கும். நகர்த்த முடியாத சில கோப்புகள் குறுக்கே உட்கார்ந்திருக்கும். கணினியை ஆழ்ந்த உறக்கத்தில் வைக்க உதவும் கோப்பு அவற்றில் ஒன்று.

கோப்புகள் இடம் மாறும்போது மின்சாரம் போனால் பெரிய சேதம் நேரலாம். கை தவறினாலும் ஆபத்துதான். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்கே வட்டு விஷயத்தில் கை தவறியது. தொலைபேசி வழியே வேறு கணினியோடு இணைக்கும் மோடத்துக்கு அனுப்பவேண்டிய கட்டளையை வட்டுக்கு அனுப்பிவிட்டார். அவர் அப்போது பயன்படுத்திய மினிக்ஸ் என்ற இயங்குதளம் இருந்த பிரிவு பாழானது.

அதனால் செல்லங்களே, படங்களையும் பாடங்களையும் முதலில் வேறொரு வட்டில் நகலெடுங்கள். சார்ஜரைச் செருகுங்கள். அண்ணனையோ ஆசிரியரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.