பின்பக்கத்தை முதலில் பாருங்கள்

டீ ஆறுவதற்குள் ஒரு பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பர்மாவின் பழைய புத்த மடங்களில் சுவடிகளை வைத்திருந்த மரப்பெட்டி. அங்கே அதற்குச் சாடைக் என்று பெயர். அருங்காட்சியகத்திலோ பழம்பொருள் கடையிலோ அதைப் பார்ப்பவர்கள் எல்லாரும் முன்பக்கத்தில்தான் நிற்பார்கள். நிற்கத்தான் தோன்றும். தங்கத் தாள் ஒட்டிய பரப்பு, புடைத்து நிற்கும் கொடிகள், இடையிடையே மின்னும் கண்ணாடிச் சில்லுகள், நடுவில் புத்தர் கதையிலிருந்து ஒரு காட்சி. நான் பின்பக்கம் போய்ப் பார்க்கச் சொல்வேன். அங்கே பெரும்பாலும் வெறும் கறுப்புப் பூச்சோ சிவப்புப் பூச்சோதான் இருக்கும். பெட்டியின் வேலையைச் செய்வது அந்தப் பூச்சுதான்.

என்ன வேலை? ஓலையைக் காப்பது. ஓலைச்சுவடியைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எழுத்தாணியால் கீறி, மை தடவித் துடைத்து, துளையில் கயிறு கோத்து, மேலும் கீழும் சட்டம் வைத்துக் கட்டுவது அங்கேயும் உண்டு. ஓலை மட்டும் பெரும்பாலும் கூந்தற்பனையுடையது. ஒன்றரை, இரண்டு அடி நீளம் வரும். எழுதிய சுவடியின் விளிம்புகளுக்குச் சிவப்பும் தங்கமும் பூசுவார்கள். துணியில் சுற்றி நீண்ட நாடாவால் கட்டுவார்கள். அந்த நாடாவிலேயே தானம் செய்தவர் பெயரையும் வேண்டுதலையும் எழுத்தாக நெய்திருப்பார்கள் என்பது எனக்கு இன்றும் நம்பமுடியாத வேலை. இத்தனை செய்தாலும் கறையான் விடாது, ராமபாணப் பூச்சி விடாது, பர்மிய மழைக்காலம் விடவே விடாது. தாய்லாந்தில் இதற்கு வேறு வழி கண்டார்கள்: குளத்தின் நடுவே கால் நட்டு நூலகத்தைக் கட்டினார்கள், கறையான் நீந்தி வராது என்று. பர்மியர்கள் தேக்கில் பெட்டி செய்து, காலோ பீடமோ வைத்துத் தரையிலிருந்து தூக்கி, மரம் முழுக்கத் தித்சி பூசினார்கள்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நாம் அரக்கு என்று சொல்வது பூச்சி சுரக்கும் பிசின். சூடு காட்டினால் உருகும், சாராயத்தில் கரையும். தித்சி அப்படியல்ல. ஷான் மலைப்பகுதிக் காடுகளில் வளரும் ஒரு மரத்தின் பால் அது. பட்டையைக் கீறிக் குழாயைச் சொருகி வடிப்பார்கள். காற்றுப் பட்டதும் கறுத்துவிடும். தோலில் பட்டால் பலருக்குக் கொப்புளம் போடும். இது காய்கிற விதம்தான் வேடிக்கை: வெயிலில் காயாது, ஈரக் காற்றில்தான் இறுகும். அதனால் பூசிய சாமானை நிலவறையில் வைப்பார்கள். ஒரு பூச்சு இறுக ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும், பிறகு தேய்ப்பு, மறுபடி பூச்சு. நம் கண்ணுக்குச் சாமானைக் கெடுப்பதாகத் தெரியும் அந்த ஈரத்தைக் கொண்டே, ஈரம் புகாத ஓட்டைச் செய்திருக்கிறார்கள். இறுகிய பிறகு நீரும் பூச்சியும் எளிதில் நுழைய முடியாது.

முன்பக்கத்து அழகும் இதே பாலிலிருந்து வந்ததுதான். தித்சியோடு சாம்பலைக் குழைத்தால் தயோ என்ற பசை கிடைக்கும். எலும்புச் சாம்பல், உமிச் சாம்பல், சாணிச் சாம்பல் என்று ஆளுக்கொரு பக்குவம். முறுக்கு மாவைப் போல அதைக் கயிறாக உருட்டி வளைத்துக் கொடியாக்குவார்கள், அச்சில் அழுத்தி உருவமாக்குவார்கள். கண்ணாடிச் சில்லைப் பிடித்துக்கொண்டிருப்பதும் இதுதான். மேலே தங்கத் தாளை ஒட்டுவதற்கும் பசை தித்சியே.

புடைப்பு இல்லாமல் தட்டையாகத் தங்கச் சித்திரம் எழுதுவது இன்னொரு வகை. ஷ்வேசவா என்பார்கள். இதில் ஓவியர் தங்கத்தை வரைவதில்லை. தங்கம் வேண்டாத இடங்களைத்தான் வரைகிறார். அரிதாரத்தை வேப்பம்பிசினில் குழைத்து, கறுப்பாகவே நிற்கவேண்டிய இடங்களை எல்லாம் மஞ்சளால் மறைப்பார். பிறகு பரப்பு முழுக்கத் தங்கத் தாள். ஒட்டிய பிறகு தண்ணீர் விட்டுக் கழுவினால் மஞ்சள் கரைந்து, தன் மேலிருந்த தங்கத்தையும் கொண்டுபோய்விடும். மிச்சமிருப்பதுதான் படம். முகத்தின் மயிரிழைக் கோடுகளைக்கூட இப்படி எதிர்மறையாக யோசித்து எழுதிய கைகளை நினைத்தால், முன்பக்கத்தைக் குறைத்துப் பேசியதை நானே கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

படங்கள் சும்மா வைத்தவை அல்ல. உள்ளே இருப்பது பாலி மொழி. மடத்துக்கு வருகிற உழவருக்கு அது புரியாது. வெளியே இருக்கும் கதை எல்லாருக்கும் தெரிந்தது. புத்தரின் வாழ்க்கை, இல்லையென்றால் அவருடைய முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளின் கடைசிப் பத்து. அந்தப் பத்தில் ஒன்று மகாஜனகர் கதை: கப்பல் உடைந்து கடலில் தத்தளிக்கும் இளவரசனை ஒரு கடல் தெய்வம் தூக்கிக் காப்பாற்றுகிறது. அந்தத் தெய்வத்தின் பெயர் மணிமேகலை. கோவலன் தன் குலத்து முன்னோரைக் கடலில் காத்த தெய்வம் என்று மகளுக்குச் சூட்டினானே, அதே பெயர். சுவடிப் பெட்டி ஒன்றில் அலைகளும், பறந்து வரும் ஒரு பெண்ணும் தெரிந்தால் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள்.

நமக்குக் காணக்கிடைக்கும் பெட்டிகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. மண்டலேயில் மிண்டோன் மன்னர் ஆண்ட காலம் இந்தக் கைவேலைக்கு நல்ல காலம். நூல் அழிந்துவிடும் என்ற கவலை அவருக்கு ஓலையோடு நிற்கவில்லை. பௌத்த மறைநூலான திரிபிடகம் முழுவதையும் 729 சலவைக்கல் பலகைகளில் வெட்டவைத்தார், 1868இல் வேலை முடிந்தது. 1871இல் ஐந்தாவது பௌத்த சங்கத்தைக் கூட்டினார். அவர் மகன் தீபா காலத்தில், 1885 நவம்பரில் ஆங்கிலேயர் அரண்மனைக்குள் வந்தார்கள். அரண்மனை நூலகச் சுவடிகளில் சூறைக்குத் தப்பியவற்றில் ஒரு பகுதி லண்டனுக்குப் போய், இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஆனால் பெட்டிகளைக் காலியாக்கியது படையெடுப்பு மட்டுமல்ல. அந்தக் கல் நூலே 1900இல் 38 தொகுதிகளாக அச்சில் வந்துவிட்டது. அச்சுப் புத்தகத்துக்கு நீளப் பெட்டி எதற்கு, அலமாரி போதும்.

அப்படிக் காலியான பெட்டிகள் உலகமெங்கும் வரவேற்பறைகளில் கம்பளி வைக்கவும் காப்பிக் கோப்பை வைக்கவும் பயன்படுகின்றன. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டியார் வீடுகள் வழியாக வந்த பர்மியக் கிண்ணங்களையும் டப்பாக்களையும் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் மூங்கில் பின்னலின் மேல் பூசியவை. மூன்று நான்கு அடி நீளத் தேக்குப் பெட்டி வேறு சாதி. நூறு வயதைத் தாண்டிய பொருளாக இருந்தால் மியான்மரிலிருந்து அனுமதியில்லாமல் வெளியே கொண்டுவர முடியாது என்பதையும் வாங்குகிறவர் நினைவில் வைக்கவேண்டும்.

சரி, எதைப் பார்ப்பது? சுவரைப் பார்த்து நிற்கிற பின்பக்கத்துக்கு யாரும் தங்கம் செலவழிக்கவில்லை. நான்கு பக்கமும் ஒரே மாதிரி ஜொலித்தால் நான் சந்தேகப்படுவேன். அடிப்பலகையையும் உள்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். சில கண்ணாடிச் சில்லுகள் உதிர்ந்து தயோ குழி தெரிந்தால் அது குறையல்ல. குளிர்நாட்டு வீடுகளின் வறண்ட சூட்டில் மரம் சுருங்கி, இந்தப் பசை வெடித்துக் கழன்றுவிடும். காணாமல் போன இடத்தில் புதுச் சில்லை ஒட்டி மெருகேற்றியவைதான் எனக்குப் பிடிப்பதில்லை. தங்கத்தின் மேல் ஈரத் துணி போட்டுத் துடைப்பவரிடம் இந்தப் பெட்டி போகவே கூடாது.

இன்னொன்று, சில பெட்டிகளில் தானம் செய்தவர்களின் பெயர் எழுதியிருக்கும், பெரும்பாலும் கணவன் மனைவி. கூடவே பர்மிய ஆண்டு இருந்தால் 638ஐக் கூட்டிக்கொள்ளுங்கள்: 1240 என்றால் ஏறக்குறைய 1878, மிண்டோன் இறந்த வருடம். அப்படி ஒரு வரி இருக்கிற பெட்டிக்குக் கடைக்காரர் கூடுதல் விலை சொன்னால் பேரம் பேசாமல் கொடுக்கலாம்.