நிறம் போனால் தண்ணீர் சுத்தமாகிவிடுமா?
சாயக் கழிவுநீரும் கரி வடிகட்டியும்: நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை

உளூ செய்யும் தண்ணீரைப் பற்றி மதரஸாவில் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும்போது, அதன் நிறம், மணம், சுவை மூன்றையும் கவனிக்கச் சொல்கிறோம். சாயப்பட்டறைக் கழிவுநீரைப் பற்றிப் புரிந்துகொள்ளவும் இந்த மூன்றும் உதவும். கரி, மரத்தூள், களிமண் போன்ற பொருள்களால் சாயத் தண்ணீரைத் தெளிய வைக்க முடியும் என்பது உண்மை. ஆனால் அவை எடுப்பது நிறத்தையும் மணத்தையும்தான். சுவையை, அதாவது கரைந்திருக்கும் உப்பை, அவை எடுப்பதில்லை. கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரும் கிணற்றைக் கெடுக்கும் என்பதற்குத் திருப்பூர் ஒரு பெரிய பாடம்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். பெங்களூருவின் சாக்கடை நீரும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் கலந்து, ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் மலைபோல் நுரை பொங்குவதைப் பல ஆண்டுகளாகச் செய்திகளில் பார்க்கிறோம். அதே ஆறுதான் கிருஷ்ணகிரி அணைக்கும், பிறகு சாத்தனூருக்கும் போகிறது. தொழிற்சாலைகள் வளர்ந்துவரும் எல்லை மாவட்டத்தில் இருக்கிறோம். நாளை நம் பக்கத்திலும் ஒரு பட்டறை வரலாம். "கரி போட்டு வடிகட்டித்தான் விடுகிறோம், பாருங்கள், தண்ணீர் எவ்வளவு தெளிவு!" என்று சொன்னால் என்ன கேட்பது என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கரி எப்படி வேலை செய்கிறது?

கரி ஒரு சல்லடை அல்ல. சாயத்தின் நுண்துகள்கள் கரியின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொள்கின்றன. பள்ளிப் பாடத்தில் இதைப் பரப்புக் கவர்தல் என்பார்கள். ஒட்டுவதற்கு இடம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது.

தேங்காய்த் தொட்டியைக் காற்று அதிகம் படாமல் எரித்துக் கரியாக்கி, அதன்மீது 800 டிகிரிக்கும் மேலான வெப்பத்தில் நீராவியைச் செலுத்துவார்கள். அப்போது கரிக்குள் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான துளைகள் உண்டாகின்றன. இதைத்தான் ஆக்டிவேட்டட் கார்பன் என்கிறோம். இதில் ஒரு கிராம் கரியின் உள்பரப்பை விரித்து வைக்க முடிந்தால் சுமார் 1,000 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் ஏறக்குறைய 25 சென்ட் நிலம். ஒரு சிட்டிகைக் கரிக்குள் கால் ஏக்கர்! அவ்வளவு இடம் இருப்பதால்தான் சாயமும் நாற்றமும் அதில் அடங்குகின்றன.

அடுப்புக் கரிக்கு இவ்வளவு துளைகள் கிடையாது. வீட்டுக் கரியை மூட்டை மூட்டையாகப் போட்டாலும் அதே பலன் வராது.

மாங்கொட்டையும் மரத்தூளும்

மரத்தூள், நெல் உமி, கரும்புச் சக்கை, வேப்பிலைப் பொடி என்று விலை குறைந்த பொருள்கள் பலவற்றை விஞ்ஞானிகள் சோதித்திருக்கிறார்கள். மாங்கொட்டைப் பருப்பின் பொடியும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தை நன்றாக இழுக்கிறது. மாங்கூழ் ஆலைகள் நிறைந்த நம் மாவட்டத்தில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை என்பதால் கேட்க ஆசையாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். மெத்திலீன் புளூ நேர்மின் தன்மை உள்ளது. மரத்தூள், பருப்புப் பொடி போன்ற தாவரப் பொருள்களின் மேற்பரப்பு பெரும்பாலும் எதிர்மின் தன்மை உள்ளது. இரண்டும் சுலபமாக ஒட்டிக்கொள்ளும். பனியன், டி-சர்ட் போன்ற பருத்தித் துணிக்குப் போடும் ரியாக்டிவ் சாயங்களோ எதிர்மின் தன்மை உள்ளவை. அவை பச்சை மரத்தூளில் அவ்வளவாக ஒட்டாது. அதற்கு நல்ல ஆக்டிவேட்டட் கார்பனோ, அதற்கென்றே தயாரித்த ரெசினோ வேண்டும். ஆய்வுக்கூடக் குடுவையில் நடந்தது பட்டறைத் தொட்டியில் அப்படியே நடக்காது என்பதற்கு இதுவே காரணம்.

உப்பு எங்கிருந்து வருகிறது?

ரியாக்டிவ் சாயம் தானாகப் பருத்தி நூலில் ஏறாது. அதை நூலின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு போடுகிறார்கள். சாதாரண உப்பு அல்லது சோடியம் சல்பேட். கடும் நிறம் வேண்டுமென்றால் சாயத் தொட்டியில் ஒரு லிட்டருக்கு 60, 80 கிராம் வரை போகும். கடல் நீரிலேயே லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான். சாயத்தின் பெரும்பகுதி துணியில் தங்கிவிடும். உப்போ துணியில் தங்குவதே இல்லை. அலசும் தண்ணீரோடு முழுவதும் வெளியே வருகிறது.

கரைந்த உப்பைக் கரியால் பிடித்து வைக்க முடியாது. ஆகவே கரித் தொட்டியைத் தாண்டி வரும் தண்ணீருக்கு நிறம் இல்லை, நாற்றம் இல்லை. உப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. பார்த்தவர்கள் சுத்தம் என்பார்கள். பயிருக்குத்தான் உண்மை தெரியும்.

திருப்பூரில் நடந்தது

நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஈரோடு, கரூர் பக்கத்து வயல்களுக்குத் தண்ணீர் தருவதுதான் நோக்கம். ஆனால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவுநீர் அணையில் தேங்கியது. கீழ்ப்பக்க நிலங்களும் கிணறுகளும் உப்பேறின. அணையில் தண்ணீர் தேக்கவே வேண்டாம் என்று விவசாயிகளே கேட்கும் நிலை வந்தது.

நொய்யல் ஆற்று ஆயக்கட்டு விவசாயிகள் சென்னை உயர் நீதிமன்றம் போனார்கள். பட்டறைகளிலிருந்து கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்று 2006 டிசம்பரில் நீதிமன்றம் கூறியது. 2009இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் கழிவுநீர் நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று எல்லாப் பட்டறைகளையும் மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் அதிகமான பட்டறைகள் நின்றன. பிழைப்புக்காக அங்கே போயிருந்த ஏராளமான குடும்பங்கள் வேலையில்லாமல் தவித்தன. விவசாயியும் நஷ்டப்பட்டார், தொழிலாளியும் நஷ்டப்பட்டார். ஆரம்பத்திலேயே சரியாகச் செய்திருந்தால் இரண்டு தரப்புக்கும் இந்தச் சோதனை வந்திருக்காது.

இப்போது அங்கே இயங்கும் சுத்திகரிப்பு நிலையங்களில் வேலை படிப்படியாக நடக்கிறது. முதலில் நுண்ணுயிர்களைக் கொண்டு கழிவைச் சிதைக்கிறார்கள். பிறகு மீதி நிறத்தை எடுக்கிறார்கள். கரிக்கும் ரெசினுக்கும் இடம் இங்கேதான். அதன்பின் ஆர்.ஓ. மூலம் உப்பைப் பிரிக்கிறார்கள். கடைசியில் மிஞ்சும் உப்புக் கரைசலைக் காய்ச்சி, உப்பை மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்துகிறார்கள். இந்த வரிசையில் கரி ஒரு நல்ல உதவியாள். ஆர்.ஓ. சவ்வு சீக்கிரம் அடைபடாமல் காக்கிறது. ஆனால் தனியாளாக முழு வேலையையும் செய்யாது.

தோல் தொழிலிலும் இதே கதைதான். வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உறவுகள் உள்ள நமக்குப் பாலாற்றின் நிலை தெரியும். தோலைப் பதப்படுத்தும் உப்பு அங்கே கிணறுகளில் இறங்கியது. அந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே அதைச் சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற நெறியை இந்தியச் சட்டத்தின் பகுதியாக உறுதிப்படுத்தியது.

பயன்படுத்திய கரி எங்கே போகிறது?

கரியின் துளைகள் நிரம்பிவிட்டால் அது மேற்கொண்டு எதையும் பிடிக்காது. தண்ணீரில் இருந்த சாயம் இப்போது கரியில் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கரியை ஏரிக்கரையில் கொட்டினால் மழையில் கொஞ்சம் கொஞ்சமாக மறுபடி இறங்கும். ஆலைச் சுத்திகரிப்பில் சேரும் இரசாயனக் கசடு 2016ஆம் ஆண்டு விதிகளின்படி அபாயக் கழிவு. அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் அனுப்ப வேண்டும். நம் மாநிலத்தில் கும்மிடிப்பூண்டியில் அப்படி ஓர் இடம் இருக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

1. பட்டறை எதுவும் வந்தால் ஜமாஅத்தார் மூன்று கேள்விகள் கேட்கலாம். நிறத்தை எதைக் கொண்டு எடுக்கிறீர்கள்? உப்பை எப்படிப் பிரிக்கிறீர்கள்? பயன்படுத்திய கரியும் கசடும் எங்கே போகின்றன? முதல் கேள்விக்கு மட்டும் பதில் வந்தால் போதாது.

2. கிணறு, போர்வெல் தண்ணீரை நாக்கை மட்டும் நம்பி விடாமல் டி.டி.எஸ். பார்த்துக்கொள்ளுங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது. வேறு தண்ணீரே இல்லாத இடத்தில் 2,000 வரை ஏற்கப்படுகிறது. முழுப் பரிசோதனைக்குக் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தை அணுகலாம்.

3. வீட்டில் கரி வடிகட்டி இருந்தால் குறித்த காலத்தில் மாற்றுங்கள். பழைய கரியில் கிருமிகள் வளரும். உப்புத் தண்ணீருக்குக் கரி வடிகட்டி வாங்கி ஏமாற வேண்டாம்.

4. ஓடையிலோ ஏரியிலோ நிறம் மாறினால் தேதி, நேரத்தோடு படம் எடுத்து, ஓசூரில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்திலோ, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்திலோ மனு கொடுங்கள். ஒருவர் கொடுப்பதைவிட எல்லாச் சமூகத்தாரும் சேர்ந்து கொடுத்தால் பலன் அதிகம். கிணறு கெட்டால் எல்லார் வீட்டிலும்தான் கெடுகிறது.

தண்ணீர் எல்லா மக்களுக்கும் பொதுவானது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். அது நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தொழில் செய்பவரும் அதைக் காக்க வேண்டும், அதைக் குடிப்பவரும் கண்காணிக்க வேண்டும். அந்த அமானிதத்தைப் பேணி நடக்க வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள் புரிவானாக. ஆமீன்.