லோடு வண்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தால்...



பால் கேன் ஏற்ற, காய்கறி கொண்டுபோக, சந்தைக்குச் சரக்கு எடுத்துப்போக என்று நம் குழுக்கள் சில, கடன் வாங்கிச் சின்ன லோடு வண்டி எடுத்திருக்கின்றன. அதில் ஒரு குழுவுக்கு வந்த சிக்கலைத்தான் இந்த முறை பேசப்போகிறோம். மற்ற குழுக்களுக்கும் அது வந்துவிடக் கூடாதே!

அந்தக் குழுவின் டீசல் வண்டி காலையும் மாலையும் பால் எடுக்கும். ஒரு சுற்று மொத்தமே நாலு கிலோமீட்டர்தான். தெருவுக்குத் தெரு நிற்கும், கிளம்பும். ஏழெட்டு மாதத்தில் டிரைவருக்கு முன்னால் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. "வண்டி நல்லாத்தானே ஓடுது, அப்புறம் பாத்துக்கலாம்க்கா" என்றார் டிரைவர் தம்பி. இரண்டு வாரம் போனது. வண்டி இழுக்கவில்லை, மேடு ஏறத் திணறியது. ஒர்க்‌ஷாப்பில் சொன்ன செலவு மூன்று மாதத் தவணைக்குச் சமம்! "புது வண்டிக்கே இவ்வளவு செலவா?" என்று ஊக்குநர் அழாத குறையாக நம்மிடம் வந்தார்.

விசாரித்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அந்த வண்டிக்கும் அந்த வேலைக்கும் பொருத்தம் இல்லை.

அந்த விளக்கு என்ன சொல்கிறது?

டீசல் எரியும்போது கரித்தூள் வரும். அது நுரையீரலின் ஆழம் வரை போகும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2012-லேயே அறிவித்துவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதி வந்தது. அதற்காக டீசலில் உள்ள கந்தகத்தையும் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைத்தார்கள். இந்த விதிப்படி வந்த பெரும்பாலான டீசல் வண்டிகளில் புகைக்குழாயோடு சேர்ந்து ஒரு வடிகட்டி இருக்கிறது. இதை 'டி.பி.எஃப்' என்பார்கள். அது அடைபடத் தொடங்கினால்தான் அந்த விளக்கு எரியும்.

ஏன் அடைத்துக்கொள்கிறது?

தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பீங்கான் கட்டி அது. புகை அதன் சுவர் வழியாகக் கசிந்து வெளியே போகும், கரி உள்ளேயே தங்கிவிடும். டீ வடிகட்டியைத் தட்டிக் கொட்டுகிறோம். இதைத் தட்ட முடியாது. அதனால் கரியை உள்ளேயே எரித்துச் சுத்தம் செய்துகொள்கிற மாதிரி வைத்திருக்கிறார்கள்.

கரி எரிய நல்ல சூடு வேண்டும். வண்டி நீண்ட தூரம் சீராக ஓடினால் புகை சூடாகி, கொஞ்சம் கொஞ்சமாகக் கரி குறையும். அது போதாதபோது வண்டியே கொஞ்சம் டீசலைக் கூடுதலாக விட்டு, வடிகட்டியை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கும். இதற்கு 15, 20 நிமிடம் நிற்காமல் ஓட வேண்டும். நாலு கிலோமீட்டரில் அடுப்பு பற்றுவதற்குள் நாம் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுகிறோம்! கரி அப்படியே சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னொரு கெடுதலும் உண்டு. பாதியில் நிறுத்தும்போது அந்தக் கூடுதல் டீசலில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் அளவு கூடினால் "ஆயில் குறையலையே" என்று சந்தோஷப்படாதீர்கள். ஆயில் நீர்த்துப்போய் இன்ஜின் தேயும்.

நாம் என்ன செய்யலாம்?

1. வாரம் ஒரு முறையாவது வண்டியை மெயின் ரோட்டில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட்டச் சொல்லுங்கள். சந்தைக்கோ டவுனுக்கோ போகிற வேலையை அன்றைக்கு வைத்துக்கொண்டால் டீசல் வீண் இல்லை.

2. மஞ்சள் விளக்கு எரிந்தால் அன்றைக்கே அப்படி ஓட்ட வேண்டும். வண்டியோடு வந்த புத்தகத்தில் எந்த விளக்கு எதற்கு என்று படம் போட்டிருக்கும். டிரைவரோடு உட்கார்ந்து பாருங்கள்.

3. ஓட்டியும் விளக்கு அணையவில்லை, அல்லது வண்டி இழுக்கவில்லை என்றால் சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். அடைப்பு முற்றாமல் இருந்தால் கருவி வைத்து எரித்துவிடுவார்கள். முற்றிவிட்டால் கழற்றிச் சுத்தம் செய்யவோ மாற்றவோ வேண்டிவரும். பெரிய செலவு அதுதான்.

4. சூடாக இருக்கும் வண்டியை வைக்கோல், சருகு, காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள். தீப்பிடிக்கும்.

5. புத்தகத்தில் சொன்ன ஆயிலை மட்டும் ஊற்றுங்கள். கரி எரியும், ஆனால் ஆயிலிலிருந்து வருகிற சாம்பல் எரியாது. இதற்கென்றே சாம்பல் குறைவான ஆயில் உண்டு. டீசலில் மண்ணெண்ணெய் கலக்கவே கூடாது.

6. "வடிகட்டியை அறுத்து எடுத்துடலாம், செலவு மிச்சம்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது மோட்டார் வாகனச் சட்டப்படி குற்றம். அந்தப் புகையைச் சுவாசிக்கப்போவதும் வண்டிக்குப் பின்னால் நிற்கிற நம் பிள்ளைகள்தான்.

வாங்கும் முன் யோசிப்போம்

புதிதாக வண்டி எடுக்க நினைக்கிற குழுக்கள், கடன் மனு எழுதுவதற்கு முன் ஒரு வாரம் கணக்கு எழுதிப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர்? எத்தனை இடத்தில் நிற்கும்? ஊருக்குள்ளேயே சுற்றுகிற வேலை என்றால் டீசல் வேண்டாம். பெட்ரோலில் ஓடுவதும் இருக்கிறது, சி.என்.ஜி.யும் இருக்கிறது, பேட்டரி வண்டியும் இருக்கிறது. பேட்டரி வண்டியில் புகைக்குழாயே கிடையாது. தினமும் தூரமாகப் போகிற வேலை என்றால் டீசல் சரிப்படும்.

அந்தப் பால் குழு இப்போது என்ன செய்கிறது தெரியுமா? வாரம் ஒரு நாள் பக்கத்து டவுனுக்கு வாடகைச் சரக்கு ஏற்றிப் போகிறது. வடிகட்டியும் சுத்தமாகிறது, வாடகையும் வருகிறது. டிரைவர் தம்பி விளக்கு எரிந்த தேதியை நோட்டில் எழுதி வைக்கிறார், கூட்டத்தில் அதைப் படிக்கிறார்கள்.

வண்டி வைத்திருக்கிற குழுக்கள் அடுத்த கூட்டத்தில் இதை வாசித்துக் காட்டி, "விளக்கு எரிந்தால் அன்றே சொல்ல வேண்டும்" என்று தீர்மான நோட்டில் ஒரு வரி எழுதிவிடுங்கள். ஒரு வரிதான், பல மாதத் தவணையைக் காப்பாற்றும்!