கச்சான் காற்றில் ஒரு குட்டி ராக்கெட்

குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினார்கள். அன்றைக்கே குலசைக் கரையிலிருந்து ஒரு ரோகிணி ராக்கெட்டும் கிளம்பியது. பெயர் ஆர்.எச்-200. மூன்றரை மீட்டர் நீளம், இரண்டு அடுக்கு. 200 என்பது அதன் விட்டம், மில்லிமீட்டர் கணக்கில். தசராவுக்கு வேடம் கட்டி வருகிற கூட்டத்தைப் பார்த்துப் பழகிய ஊர், முதல்முறையாக வானத்தை அண்ணாந்து பார்த்தது.

நாளைக்கு இங்கிருந்து ஏறப்போவது எஸ்.எஸ்.எல்.வி. 34 மீட்டர் உயரம், சுமார் 120 டன் எடை. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தெற்கே போகிற ராக்கெட் இலங்கையைத் தவிர்க்க வளைந்து போகவேண்டும். சின்ன ராக்கெட்டுக்கு அந்த வளைவிலேயே எரிபொருள் வீணாகிவிடும். குலசையிலிருந்து நேர் தெற்கே கடல்தான். காரணம் இவ்வளவுதான். இந்தக் கட்டுரை அந்தப் பெரிய ராக்கெட்டைப் பற்றியதல்ல. அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய், அட்டைக் குழாயும் பசையுமாக உட்காரப்போகிற பிள்ளைகளைப் பற்றியது.

பொழுதுபோக்கு ராக்கெட்டுகளை அவற்றின் மோட்டாரைக் கொண்டு தரம் பிரிக்கிறார்கள். ஏ, பி, சி என்று எழுத்து ஏற ஏற, மொத்தக் கணத்தாக்கின் உச்சவரம்பு இரட்டிப்பாகும். ஏ மோட்டார் 2.5 நியூட்டன்-விநாடி வரை. ஜி மோட்டார் 160 வரை. ஈ, எஃப், ஜி ஆகிய மூன்றும் நடுத்தர சக்தி. எச் தொடங்கினால் அது வேறு உலகம். அமெரிக்காவில் அதற்குத் தனிச் சான்றிதழ் வேண்டும். 1950-களில் அங்கே பையன்கள் வீட்டிலேயே ராக்கெட் மருந்து கலந்து விரலையும் கண்ணையும் இழந்துகொண்டிருந்தார்கள். செருப்புக் கடை வைத்திருந்த ஆர்வில் கார்லைலும், ராக்கெட் பொறியாளர் ஹாரி ஸ்டைனும் 1957-இல் அதற்கு வழி கண்டார்கள். மோட்டார் தொழிற்சாலையில் செய்யப்படும், மற்றதெல்லாம் பிள்ளைகள் கையால். இந்தப் பொழுதுபோக்கின் உயிரே அந்த ஒரு விதிதான்.

கையால் செய்வதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ராக்கெட் நேராகப் பறக்க அதன் ஈர்ப்பு மையம், காற்றின் அழுத்த மையத்துக்கு முன்னால், குறைந்தது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்கவேண்டும். தீபாவளி ராக்கெட்டில் இந்தச் சமநிலையைப் பார்த்துக்கொள்வது நீளமான குச்சி. இதில் வால் இறக்கைகள். வாங்கிய கிட்டில் எஃப் மோட்டாருக்குப் பதில் ஜி போடுகிறேன் என்று ஒரு பையன் இறங்கினால், பின்பக்கம் கனத்து ஈர்ப்பு மையம் வாலுக்கு நகரும். மூக்குக் கூம்பில் எடை சேர்க்கவேண்டும். சேர்த்த எடைக்கு பாராசூட் பெரிதாகவேண்டும். பால்சா இறக்கை வேகம் தாங்காமல் படபடக்கும்; பிளைவுட்டுக்கு மாறி, குழாயைத் துளைத்து உள்ளே மோட்டார் கூடுவரை இறக்கையைச் செருகி ஒட்டவேண்டும். ஒன்றைத் தொட்டால் நான்கைத் தொடவேண்டியிருக்கும். புத்தகத்தில் இயற்பியல் படித்து மதிப்பெண் வாங்குகிறவர்களுக்கு இது ஒருநாளும் கிடைக்காது.

மோட்டார் எரிவது இரண்டு மூன்று விநாடிதான். பிறகு ராக்கெட் சிறிது நேரம் சும்மா மிதந்து உச்சிக்குப் போகும். அங்கே துளியளவு கருமருந்து வெடித்து மூக்கைத் தள்ள, பாராசூட் வெளியே வரும். ஆட்டம் சூடுபிடிப்பதே அதற்குப் பிறகுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முந்நூறு மீட்டர் உயரத்தில் விரிந்த பாராசூட், விநாடிக்கு ஐந்து மீட்டர் வீதம் இறங்கினால் ஒரு நிமிடம் ஆகும். விநாடிக்கு எட்டு மீட்டர் காற்றடித்தால் அந்த நிமிடத்தில் ராக்கெட் 480 மீட்டர் தள்ளிப் போயிருக்கும். ஆனி, ஆடியில் தூத்துக்குடிக் கரையில் கச்சான் வீசும்போது எட்டு மீட்டர் என்பது பெரிய காற்றே இல்லை. கச்சான் நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கடலில் விழுந்தால் அட்டைக் குழாய் உப்புத் தண்ணீரில் ஊறி அமிழும், உள்ளே இருக்கும் உயரமானியின் பேட்டரி செத்துப்போகும். முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றாலும் சங்கு குளிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்; ஆனால் ஒரு பிள்ளையின் ராக்கெட்டைத் தேடி அவர்களை முங்கச் சொல்லமுடியாது. தவிர, கரைக்கு எதிரே இருப்பது 21 தீவுகளைக் கொண்ட மன்னார் வளைகுடா கடல்வாழ் தேசியப் பூங்கா. நைலான் நூலையும் பாராசூட் துணியையும் ஆமைகளுக்கு அனுப்புவது எந்தப் பொழுதுபோக்குக்கும் அழகல்ல.

இதற்கு ஒரு மாற்று உண்டு. உச்சியில் சின்னக் குடை ஒன்று; விநாடிக்கு இருபது மீட்டரில் ராக்கெட் விறுவிறுவென்று இறங்கும். நூறு மீட்டருக்கு வந்ததும் உயரமானி பெரிய குடையை அவிழ்க்கும். மேலே சொன்ன அதே காற்றில் விலகல் 240 மீட்டராகிவிடும். சரிபாதி.

கீழே விழுந்ததைத் தேடி அலைவது நம் நாட்டுக்குப் புதிதல்ல. கல்கத்தாவில் இந்திய விமான அஞ்சல் சங்கத்தின் செயலாளராக இருந்த ஸ்டீபன் ஸ்மித், 1934 முதல் பத்தாண்டுகளில் சுமார் 270 ராக்கெட்டுகளை ஏவினார். அவற்றில் குறைந்தது 80 அஞ்சலுக்காக. பட்டாசுக் கம்பெனியில் ராக்கெட் செய்து வாங்குவார். 1934 செப்டம்பர் 30 அன்று கப்பலிலிருந்து சாகர் தீவை நோக்கி விட்ட முதல் ராக்கெட் நடுவானில் வெடித்துக் கடிதங்கள் சிதறின. மனிதர் சளைக்கவில்லை. 1935-இல் தாமோதர் நதிக்கு மேலே ஒரு சேவலையும் கோழியையும் ராக்கெட்டில் அனுப்பினார். இரண்டும் உயிரோடு அக்கரை சேர்ந்தன. கடிதமோ கோழியோ, கிடைத்தால்தான் அவருக்கு வெற்றி. எவ்வளவு உயரம் போனது என்பது அவர் கவலையே இல்லை. ராக்கெட் பிள்ளைகள் படிக்கவேண்டிய ஆள் இவர்தான் என்பது என் கட்சி. 1992-இல் அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டதோடு நாம் மறந்துவிட்டோம்.

இன்றைய தமிழ்நாட்டில் மாணவர் ராக்கெட் என்றால் கிழக்குக் கடற்கரைச் சாலைதான். 2023 பிப்ரவரியில் மாமல்லபுரம் அருகே பட்டிபுலத்திலிருந்து, மாணவர்கள் செய்த 150 குட்டி செயற்கைக்கோள்களோடு ஒரு ராக்கெட் ஏறியது. 2024 ஆகஸ்ட் 24 அன்று திருவிடந்தையிலிருந்து ரூமி-1 பறந்தது. நல்ல முயற்சிகள். ஆனால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்து ஒரு ராக்கெட்டைப் பார்ப்பதும், ஒரு பிள்ளை தன் ராக்கெட்டைத் தானே கட்டி, கோணலாகப் பறக்கவிட்டு, ஓடிப்போய் எடுத்துவந்து, இறக்கையைத் திருத்தி மறுபடி விடுவதும் வேறு வேறு.

அதற்கு இடம் எங்கே? குலசை, திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காடு பரந்துதான் கிடக்கிறது. ஆனால் பனைமரக் கொண்டையில் சிக்கிய பாராசூட்டை எடுக்கப் பனையேறிதான் வரவேண்டும். உப்பளம் தட்டையானது, பாத்தி நிறைய உப்புநீர். கயத்தாறில் காற்றாலைகள். துறைமுகத்தையும் வாகைக்குளம் விமான நிலையத்தையும் அண்டவே முடியாது. என்னைக் கேட்டால், ஏற்ற இடம் கரையிலேயே இல்லை. விளாத்திகுளம், எட்டயபுரம், புதூர் கரிசல் காடுதான். தை, மாசியில் உளுந்தும் கம்பும் சோளமும் அறுத்தபின், வேலிக்கருவை மண்டாத இடமாகப் பார்த்தால், கண்ணுக்கெட்டிய மட்டும் வெட்டவெளி. கச்சான் தொடங்க இன்னும் மாதங்கள் இருக்கும். கடலும் எட்டத்தில்.

இடத்தைவிடப் பெரிய தடை மோட்டார். 1884-ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் 2008 விதிகளும் இதில் கறார். இருக்கவும் வேண்டும், சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை. காணொளி பார்த்து அடுப்படியில் மருந்து காய்ச்சுகிற பையன்களைப் பெற்றோர் இன்றே நிறுத்தவேண்டும். ஆனால் உரிமம் பெற்ற மோட்டார் சட்டப்படி கைக்கு வராதவரை அந்த அடுப்புகள் அணையாது. விண்வெளித் துறையின் இன்-ஸ்பேஸ் அமைப்பு, கல்லூரி மாணவர்களுக்கான மாதிரி ராக்கெட் போட்டியை உத்தரப் பிரதேசத்தின் குஷிநகரில் நடத்தியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

இஸ்ரோவுக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வேண்டுகோள். குலசை ஏவுதளம் இயங்கத் தொடங்கும் முன்பே, ஆண்டுக்கு ஒருமுறை, மாசி மாதத்தில், கரிசலில் ஒரு வயல்வெளியைக் குறித்துக் கொடுங்கள். உரிமம் உள்ளவர்கள் மோட்டாரைக் கொண்டுவரட்டும், தீயணைப்பு வண்டி ஒன்று நிற்கட்டும், வான்வெளி அனுமதியை நீங்களே வாங்கிக் கொடுங்கள். ராக்கெட்டைப் பிள்ளைகள் கொண்டுவருவார்கள்.