ஸ்கொட்லாந்து மிஷனரிமார்: மர்டொக்கின் பட்டியல்

சென்னையில் 1837இல் பள்ளிக்கூடம் தொடங்கிய ஜோன் அன்டர்சனைச் சென்ற வாரம் பார்த்தோம். அதைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்த்த வில்லியம் மில்லர் இந்த வாரம் வரவேண்டியவர். அவருக்கு முன் ஜோன் மர்டொக்கைச் சொல்லியாக வேண்டும்.

கிளாஸ்கோவில் 1819இல் பிறந்த மர்டொக், 1844இல் கண்டி அரசாங்கப் பாடசாலைக்குத் தலைமையாசிரியராக வந்தார். பின்னர் அந்த உத்தியோகத்தை விட்டு, கிறிஸ்தவ நூல் வெளியீட்டையே வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார். 1904இல் சென்னையில் காலமானார். அவர் எழுதியவை ஏராளம். ஆனால் தமிழுக்கு அவர் செய்த பெரிய உபகாரம், 1865இல் வெளியிட்ட அச்சுத் தமிழ் நூற்பட்டியல்தான். இந்தியர் அச்சுக்கூடம் நடத்த இருந்த தடைகள் 1835இல் நீங்கின. அடுத்த முப்பது ஆண்டுகளில் புராணம், இலக்கணம், வைத்தியம், சோதிடம், நாடகம் என்று புத்தகங்கள் பெருகின. அச்சான நூல்களைப் பதிவுசெய்யும் சட்டம் இந்தியாவில் வந்தது 1867இல். அதற்கு முன், எந்தச் சட்டமும் கேளாமல், சைவம், வைணவம், இஸ்லாம், கத்தோலிக்கம் என்று வகைபிரித்து அவர் பதிந்து வைத்தார். ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலும் சென்னையிலும் அச்சுப்பணி செய்த காலம் அது. அன்றைய தமிழர் எதை அச்சிட்டார்கள், எதை வாசித்தார்கள் என்று கேட்பவர் இன்றும் இந்தப் பட்டியலிடம்தான் போகவேண்டியிருக்கிறது.

மதம் மாற்ற வந்தவரின் வேலையைப் போற்றலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. சைவ நூல்கள் பற்றிய அவருடைய அபிப்பிராயங்களை நாம் ஏற்கவேண்டியதில்லை. ஆனால் எதிர்த்தரப்பு என்ன வாசிக்கிறது என்று அறிய முனைந்தவர், தமக்குப் பிடிக்காததை விட்டுவிட முடியாது. அந்த நோக்கமே பட்டியலை அகலமாக்கியது. தமிழர் எவரும் இப்படிச் செய்யவில்லையா என்பது இன்னொரு கேள்வி. சைமன் காசிச்செட்டி 1859இலேயே ‘தமிழ் புளூட்டாக்’கை வெளியிட்டார். அவர் தொகுத்தது புலவர் வரலாறு. மர்டொக் தொகுத்தது புத்தகங்களை. இரண்டும் நமக்கு வேண்டும். பட்டியல் முழுமையானதல்ல என்பதும் உண்மை. குறையுள்ள பட்டியலில் விடுபட்டதைச் சேர்க்கலாம். பட்டியலே இல்லையென்றால், எது விடுபட்டது என்பதே தெரியாது.

இந்த வாதத்தின் பாரம் வன்னியில் இருப்பவருக்கு நன்றாக விளங்கும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன என்று நம்மால் சொல்ல முடிகிறது. 2009 வரை நீண்ட இடப்பெயர்வுகளில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வீடுகளோடும் பாடசாலைகளோடும் போன புத்தகங்களுக்கு அப்படி ஓர் எண்ணிக்கைகூட இல்லை. கூத்துக் கொப்பிகள், கோயில் மலர்கள், பரியாரிமாரின் ஏடுகள், சனசமூக நிலையத்து வெளியீடுகள் ஆகியவற்றுள் எவை போயின என்று தேடுவதற்குப் பெயர்கள்கூட நம்மிடம் இல்லை. போரை நாம் தடுத்திருக்க முடியாது. பெயர்களை எழுதி வைத்திருக்க முடியும்.

மில்லர் அடுத்த வாரம் வருவார். அதற்குள் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டிலும் ஊர்க்கோயிலிலும் எஞ்சியிருக்கும் பழைய புத்தகங்கள், ஏடுகளின் பெயர், ஆண்டு, அச்சுக்கூடம் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதுங்கள். அதன் பிரதியொன்றை ஊர் வாசிகசாலையில் கொடுத்து வையுங்கள்.