பேட்டரி மேல் விழும் பழி

விடியற்காலையில் சரக்கோடு புறப்பட வேண்டிய லாரி, சாவியைத் திருப்பியும் அசையாமல் நின்றுவிட்டால், காரணம் இன்னதென்று எவரும் விசாரிக்கத் தொடங்குவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. "பேட்டரி போச்சுண்ணே" என்று கிளீனர் சொல்ல, ஓட்டுநர் அதை ஆமோதிக்க, உரிமையாளர் தொலைபேசியில் கேட்டுப் பெருமூச்சு விட, புதிய பேட்டரிகள் வந்து பூட்டப்படுகின்றன, வண்டியும் கிளம்பிவிடுகிறது. சில வாரங்கள் கழித்து வேறோர் ஊரில் அதே வண்டி அதே விதமாக நின்றுவிடும்போதுதான், முன்பு கழற்றிப் பழைய விலைக்குப் போட்ட பேட்டரிகள் நிரபராதிகளோ என்ற சந்தேகம் எழுகிறது. நாமக்கல், சங்ககிரி போன்ற லாரித் தொழில் வேரூன்றிய ஊர்களில் செல்ஃப், டைனமோ வேலை செய்யும் எலக்ட்ரீஷியன்களில் நிதானமானவர்கள், ஆகையால், ஸ்பானரைத் தொடுவதற்கு முன் மீட்டரைத் தொடுகிறார்கள். அதையும் வண்டி சும்மா நிற்கும்போது வைத்துப் பார்ப்பதோடு திருப்தியடையாமல், செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுழற்றப் பிரயாசைப்படும் அந்தச் சில விநாடிகளில் வைத்துப் பார்க்கிறார்கள். விஷயத்தின் சூட்சுமம் முழுவதும் அந்த விநாடிகளில்தான் அடங்கியிருக்கிறது.

நம் சாலைகளில் ஓடும் கனரக லாரிகளில் பெரும்பாலானவை 24 வோல்ட் மின்னமைப்பைக் கொண்டவை. 12 வோல்ட் பேட்டரிகள் இரண்டை, ஒன்றின் நெகட்டிவ் முனையை மற்றதன் பாசிட்டிவ் முனையோடு கனத்த கேபிளால் பிணைத்துத் தொடராக வைத்திருப்பார்கள். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றைப் பதினாறில் அல்லது பதினேழில் ஒரு பங்காக நெருக்கி, அதில் பிறக்கும் வெப்பத்தாலேயே எரிபொருளைப் பற்றவைப்பதால், அதை முதன்முதலாகச் சுழற்றிவிடுவதற்கு மிகுந்த பலம் வேண்டும். அந்தப் பலத்தைத் தரும் செல்ஃப் மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரத்தை ஒரே மூச்சில் இழுக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் பெல்ட்டால் சுழலும் ஆல்டர்னேட்டர், பட்டறைப் பேச்சில் டைனமோ, செலவழிந்த சக்தியை மீண்டும் பேட்டரிக்குள் ஏற்றுகிறது. எரிபொருள் பம்ப் முழுக்க யந்திர இயக்கமாக இருந்த பழைய லாரி ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால் மின்சாரத்தின் தயவில்லாமலே ஊர் போய்ச் சேர்ந்துவிடும். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் அமலுக்கு வந்தபின் விற்பனையான வண்டிகளிலோ எரிபொருளை அளந்து விடுவதே கணிப்பொறியாக இருப்பதால், வோல்ட் குறைந்தால் எஞ்சின் சுழன்றும் உயிர் பெறாமல் போவதுண்டு.

அனுபவமுள்ள எலக்ட்ரீஷியன் ஓட்டுநரிடம் முதலில் கேட்பது, "செல்ஃப் அடிச்சா என்ன சத்தம் வந்துச்சு தம்பி?" என்பதுதான். கேள்வி எளிமையானது, பதிலில் பாதி நோய் நிர்ணயமாகிவிடும். சத்தமும் இல்லை, டாஷ்போர்டில் விளக்கும் இல்லை என்றால், பேட்டரியின் கட்-ஆஃப் சுவிட்சையோ, பிரதான பியூஸையோ, தளர்ந்துபோன டெர்மினலையோ பார்க்க வேண்டும். விளக்குகளெல்லாம் பிரகாசமாக எரிந்தும் செல்ஃப் மௌனமாக இருந்தால், கனத்த கேபிளை விட்டுவிட்டு, சாவியிலிருந்து ரிலே வழியாகச் சோலனாய்டுக்கு வரும் மெல்லிய ஒயரைத் தேடிப் போக வேண்டும். 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் கேட்டு அடங்கினால், சோலனாய்டு தன் வேலையைச் செய்தும் மோட்டார் சுழலவில்லை என்று அர்த்தம்; உள்ளே காண்டாக்ட் கருகியிருக்கலாம், கார்பன் தேய்ந்திருக்கலாம், போதிய மின்சாரம் வந்து சேராமலும் இருக்கலாம். 'டகடகடக' என்று படபடத்தால், சோலனாய்டு இழுத்த மாத்திரத்தில் வோல்ட் சரிந்து, அதனால் அது விட்டுவிட, விட்டதும் வோல்ட் மீண்டு, மறுபடி அது இழுக்கிறது. இதற்குக் காரணம் வலுவிழந்த பேட்டரியாகவும் இருக்கலாம், கெட்டுப்போன இணைப்பாகவும் இருக்கலாம். மோட்டார் 'விர்'ரென்று தனியே சுழன்று எஞ்சின் மட்டும் அசையாதிருக்குமானால், பல்சக்கரம் பிளைவீலைக் கவ்வவில்லை. அங்கே பேட்டரிக்குச் சம்பந்தமே கிடையாது.

இணைப்பு என்று போகிற போக்கில் சொன்னேன். இந்த வியாதிகளில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். 300 ஆம்பியர் பாய்கிற பாதையில், ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை எங்கேனும் ஏற்பட்டுவிட்டாலும், அந்த ஓரிடத்திலேயே 3 வோல்ட் தொலைந்துபோகும். 900 வாட் சக்தி அங்கே வெறும் வெப்பமாக விரயமாகும். அதே இணைப்பை டெஸ்ட் லாம்பை வைத்துப் பரீட்சித்தால் விளக்கு ஜோராக எரியும். 5 வாட் பல்பு இழுப்பதோ ஓர் ஆம்பியரில் ஐந்தில் ஒரு பங்கு, அதற்கு அந்தத் தடை ஒரு பொருட்டே அல்ல. ஆகவே "கரண்ட் வருது" என்று ஒருவர் சத்தியம் செய்வதும், செல்ஃபுக்கு மின்சாரம் போதாமல் இருப்பதும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இதைக் கண்டுபிடிக்கும் முறை மிகவும் சுலபமானது என்பதே, அதைப் பலரும் செய்யாதிருப்பதைக் காணும்போது ஆச்சரியத்தை உண்டாக்குகிறது. வண்டியை நியூட்ரலில் வைத்து, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி எரிபொருளை நிறுத்தி, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழின் மேலேயே, கிளாம்பின் மேல் அல்ல, அழுத்தி, மறுமுனையை செல்ஃபின் கனத்த போல்ட்டில் வைத்துக்கொண்டு, ஒருவரைச் சாவி திருப்பச் சொல்ல வேண்டும். அரை வோல்ட், மிஞ்சினால் ஒரு வோல்ட் காட்டினால் அந்தப் பாதை நலம். அதற்கு மேல் காட்டினால், மீட்டர் முனையை ஒவ்வோர் இணைப்பாக நகர்த்தினால், எந்த இடத்தைத் தாண்டும்போது எண் குதிக்கிறதோ அதுவே திருடன் ஒளிந்திருக்கும் இடம். பிறகு இதே பரீட்சையை நெகட்டிவ் குமிழுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் இடையே செய்ய வேண்டும். அநேகர் மறந்துவிடும் பாதி இது. எஞ்சினையும் சேஸியையும் பிணைக்கும் எர்த் கேபிளைக் கழற்றிப் பார்த்தால், வெளியே முறுக்கமாகத் தெரிந்த போல்ட்டின் அடியில் பெயிண்டும் துருவும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்து ஒரு மெல்லிய படலமாகப் படிந்திருக்கும். கேபிள் நுனியை அழுத்திப் பிடித்திருக்கும் லக்குக்குப் பக்கத்தில் ரப்பர் உறை சற்றே உப்பியிருக்க, அதைக் கத்தியால் கீறினால் செம்புக் கம்பிகள் பச்சைப் பொடியாக உதிரும். கண்ணுக்குத் தெரியும் டெர்மினலில் பூத்த வெள்ளைப் பூவை வெந்நீர் ஊற்றிக் கழுவியதோடு கடமை முடிந்ததாக எண்ணுகிறவர்கள், உறைக்குள் நடக்கும் இந்த அழிவைக் காண்பதே இல்லை.

பாதைகள் சுத்தமென்று தெரிந்தபிறகே பேட்டரியைச் சோதிப்பது முறை. சில மணி நேரம் ஓய்ந்திருந்த நல்ல ஜோடி 25.2 வோல்ட்டுக்கு மேல் காட்டும், 24.4 என்றால் சார்ஜ் ஏறக்குறைய பாதிதான். இரண்டையும் சேர்த்து அளப்பதோடு தனித்தனியே அளப்பதும் அவசியம். மூடி திறக்கக்கூடிய பேட்டரியானால் ஹைட்ரோமீட்டரால் ஒவ்வோர் அறையையும் பார்க்கலாம். ஐந்து அறைகளில் 1.25 காட்டி ஆறாவதில் 1.15 காட்டினால், எத்தனை சார்ஜ் ஏற்றியும் பிரயோஜனமில்லை.

சார்ஜ் ஏறுகிறதா என்பதற்கு, எஞ்சினை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, ஹெட்லைட்டையும் போட்டு, பேட்டரி முனையில் அளந்தால் போதும்: 28 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும். 29-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் தறிகெட்டிருக்கிறது, பேட்டரி நீர் கொதித்து வற்றும், பல்புகள் அடிக்கடி போகும். 25-இலேயே நின்றால் ஏறவே இல்லை. அப்போதும் டைனமோவைக் கழற்றுவதற்கு முன் பெல்ட்டின் தொய்வையும், டாஷ்போர்டில் உள்ள சார்ஜ் விளக்கையும் பார்ப்பது உத்தமம். பழைய வகை ஆல்டர்னேட்டர்கள் பலவற்றில், தொடக்கத்தில் காந்தத்தை எழுப்பும் சிறு மின்சாரம் அந்த விளக்கின் வழியாகவே போகிறது. எஞ்சின் ஓடுமுன் சாவியைத் திருப்பியதும் அது எரியவில்லையென்றால், அற்ப விலையுள்ள ஒரு பல்பு பீஸ்போன தோஷத்துக்காக ஆல்டர்னேட்டரே குற்றவாளிக் கூண்டில் நிற்கக்கூடும். உண்மையான டைனமோ இருந்த காலத்துப் பழக்கமொன்றும் சில பட்டறைகளில் இன்னும் சாகவில்லை: எஞ்சின் ஓடும்போதே பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது. ஆல்டர்னேட்டரில் இதைச் செய்தால் வோல்ட் திடீரென்று பாய்ந்து, டையோடுகளையும் ரெகுலேட்டரையும் எரித்துவிடும். நோய் தெரிவதற்குப் பதிலாகப் புது நோய் உண்டாகும்.

இனி, லாரிகளுக்கே உரித்தான ஒரு விபரீதத்தைச் சொல்ல வேண்டும். கேபினில் 12 வோல்ட் பாட்டுப் பெட்டியோ விசிறியோ வைக்க ஆசைப்பட்டு, இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் ஒயர் இழுத்துவிடுகிறார்கள். சார்ஜ் ஏறும்போது இரண்டிலும் ஒரே மின்சாரம்தான் பாய்கிறது. செலவோ ஒன்றில் மட்டும். நாளடைவில் ஒயர் இழுத்த பேட்டரி குறைப் பசியிலேயே இருந்து வலுவிழக்கிறது. மற்றது, இருக்கிற 28 வோல்ட்டில் தன் பங்குக்கு மேல் பெற்று, கொதித்து, நீர் வற்றிச் சாகிறது. மீட்டர் மொத்தமாக 28 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தனித்தனியே அளந்தால்தான் ஒன்று 13.2, மற்றது 14.8 என்று குட்டு வெளிப்படும். 24-ஐ 12 ஆக்கும் கன்வெர்ட்டர் ஒன்றைப் போட்டால் தீருகிற விஷயம் இது. இப்படிக் கெட்ட ஜோடியில் மோசமானதை மட்டும் மாற்றிச் சிக்கனம் பிடிப்பதும் வீண். பழையதும் புதியதும் ஒரே மின்சாரத்தை ஒரேவிதமாக ஏற்காதாகையால், புதியதும் விரைவில் பழையதன் கதியை அடையும்.

பகலெல்லாம் சரியாக ஓடி, இரவு நிறுத்தினால் மட்டும் காலையில் பேட்டரி இறங்கியிருக்கும் வண்டிகளும் உண்டு. எல்லாவற்றையும் அணைத்தபின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, குமிழுக்கும் கேபிளுக்கும் நடுவே ஆம்பியர் மீட்டரை வைத்துப் பார்த்தால், ஒழுகும் மின்சாரம் தெரியும். அந்த நிலையில் யாரும் செல்ஃபைத் தொட்டுவிடக் கூடாது, மீட்டர் அக்கணமே போய்விடும். பிறகு பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே வந்தால், எதைப் பிடுங்கும்போது முள் இறங்குகிறதோ அந்தப் பாதையைத் தேடலாம். எல்லாவற்றையும் பிடுங்கிய பின்னும் முள் இறங்காமல் நின்றால், ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் கனத்த ஒயரை விலக்கிப் பார்க்க வேண்டும். அப்போது இறங்கிவிட்டால், உள்ளே டையோடு கெட்டு, பகலில் ஏற்றிய சார்ஜை இரவில் அதுவே இழுத்துக்கொண்டிருக்கிறது.